ஒரு செம்பு உப்புத் தண்ணீர்

நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் கூலியாளாக ஏறினேன். இன்றைக்கு எனக்கென்று ஐந்து ஏக்கர் ரப்பர் நிற்கிறது, உறைந்த பாலை ஷீட்டாக அடிக்கிற மெஷின் இரண்டு ஓடுகிறது. யாரும் கைதூக்கி விடவில்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமும் கிடையாது.

அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒன்று என்றால் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். தொண்டையில் மீன்முள் சிக்கினாலும், மூக்கில் புளியங்கொட்டையைத் திணித்துக்கொண்டாலும் என் கைதான் போகும். அரளிக்காயைக் கடித்த ஒரு பிள்ளையை உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைத்துப் பிழைக்கவும் வைத்தேன். அவள் இப்போது நாகர்கோவிலில் பேங்கில் வேலை பார்க்கிறாள். “ஆசுபத்திரிக்குப் போனா டோக்கன் எடுத்துட்டு இருக்கணும், இவருட்ட வந்தா காப்பியும் கிடைக்கும்” என்று பக்கத்து வீட்டுக்காரி கேலி பேசுவாள். கேலிதான். எனக்கு அது பட்டம் வாங்கிய மாதிரி இருக்கும்.

மனைவி போய்ச் சேர்ந்தபிறகு மகள் தன் மூன்று வயதுக் குழந்தையோடு என்னுடன் இருந்தாள். மருமகன் துபாயில்.

ரப்பர் பால் உறைய ஆசிட் விடவேண்டும். கேனில் வாங்கி, தண்ணீர் கலந்து, கலர் சோடா குடித்துத் தீர்ந்த பாட்டிலில் ஊற்றி வைப்போம். எங்கள் பக்கம் ஷீட் அடிக்கிற வீடுகளில் இது வழக்கம். அன்று காலையில் பாட்டிலைத் தரையில் வைத்துவிட்டு மெஷின் பக்கம் திரும்பினேன். அலறல் கேட்டுப் பார்த்தால் பேத்தியின் கையில் பாட்டில், உதடு வெள்ளையாக வெளுத்திருக்கிறது. நாக்கு நனைகிற அளவோ, ஒரு மடக்கோ, தெரியாது.

மகள் ஈரத்தலையோடு ஓடிவந்து ஆட்டோ கூப்பிடட்டுமா என்று கேட்டாள். ஆட்டோ வருவதற்குள் விஷம் உள்ளே இறங்கிவிடும் என்றேன். உப்புத் தண்ணீர் கலக்கச் சொன்னேன். குழந்தை பல்லைக் கடித்துக்கொண்டது. மகளைக் காலைப் பிடிக்கச் சொல்லி, வாயைத் திறந்து செம்போடு புகட்டி, தொண்டையில் விரலை விட்டேன். இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். இரண்டாவதில் ரத்தம் இருந்தது. அப்போதும் நான் மகளிடம், “எல்லாம் வெளிய வந்தாச்சு, பயப்படாத மக்களே” என்றேன். நல்ல காரியம் செய்த நிம்மதி எனக்கு.

ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டரம்மா பார்த்துவிட்டு, வாந்தி எடுக்க வைத்தது யார் என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. ஆசிட் இறங்கும்போது ஒரு தடவை சுட்டது, ஏறும்போது மறுபடியும் சுட்டிருக்கிறது என்றார். ஆசிட், மண்ணெண்ணெய் போல எதைக் குடித்தாலும் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. வாயைத் துடைத்துக் கழுவிவிட்டு, பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு நேரே வந்திருக்க வேண்டும்.

ஊரெல்லாம் என் கைராசியைச் சொல்லித் திரிந்த நான், பேத்தியின் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். மகள் என்னைப் பார்க்காமலே, “நான்தான் எடுக்க வச்சேன், டாக்டர்” என்றாள்.

குழந்தைக்கு உணவுக்குழாய் சுருங்கிவிட்டது. சில வாரத்துக்கு ஒரு தடவை மயக்கம் கொடுத்து, குழாய் விட்டு அகலப்படுத்துகிறார்கள். சோறு இறங்காது. அரைத்து வடிகட்டிய கஞ்சிதான். வேலையை விட்டுவிட்டு மருமகன் வந்தான். பெற்றவளே பிள்ளை தொண்டையைப் பொசுக்கிவிட்டாள் என்று அவன் அம்மா என் வீட்டில் உட்கார்ந்தே சொன்னாள். மகள் கஞ்சியை வடிகட்டிக்கொண்டிருந்தாள். நான் சாயாவைக் குடித்தேன். நாலு மாதம் இப்படிப் போனது.

போன வாரம் குழந்தை புட்டு கேட்டு அழுதாள். மகள் பாலில் குழைத்து விரல்நுனி அளவு கொடுத்தாள். அடைத்துக்கொண்டது. கண் பிதுங்கியது. குழந்தை அழவில்லை. தானாக எழுந்துபோய், கழுவுகிற இடத்தில் குனிந்து, அது வெளியே வரும்வரை பொறுமையாக நின்றாள். பழகிவிட்டாள். மூன்று வயதில்.

“ஒரு தடவ பிள்ளையக் கொல்லப் பாத்தது போதாதா உனக்கு?” என்று மருமகன் அவளிடம் பாய்ந்தான்.

“மாப்ள, அவள ஏசாண்டாம்” என்றேன். “அன்னைக்கு உப்புத் தண்ணி கலக்கச் சொன்னது நான். தொண்டையில போனது எனக்க விரல்.”

அவன் என்னைக் கேட்கவில்லை. அவளைப் பார்த்து, “நெசமா?” என்றான். அவள் குழந்தையின் வாயைத் துடைத்து முடித்தாள். பிறகு என்னிடம், “எப்பா, இத டாக்டர் கேட்டப்பவே சொல்லியிருக்கலாம்லா” என்றாள். குரல் உயரவில்லை.

நேற்று மறுபடி குழாய் விடுகிற நாள். வெள்ளை வேட்டி கட்டி, செருப்பையும் மாட்டிக்கொண்டு முற்றத்தில் நின்றேன். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மகள் வந்தாள்.

“நீங்க இருங்கப்பா” என்றாள். மருமகன் கொண்டுவந்திருந்த வாடகைக் காரில் அவன் பக்கத்தில் முன் சீட்டில் ஏறிக்கொண்டாள்.

காரில் பின் சீட்டு காலியாகத்தான் இருந்தது.