வலது கால் ஷூக்கள்

கத்தி

ஒரகடம் பக்கத்தில் ஆண்களுக்கான தோல் ஷூ செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி எங்களுடையது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என்னிடம் ஒரு கத்தியைக் கொடுத்தார்கள். தையல் மெஷினில் உட்கார வைப்பார்கள் என்று நினைத்துச் சேரப்பணஞ்சேரியிலிருந்து கம்பெனி பஸ் ஏறி வந்தவள் நான். சூப்பர்வைசர் அம்மா என்னை ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் மேசைக்குப் பின்னால் கூட்டிப் போனார். ரிஜெக்ட் ஆன ஷூக்கள் அங்கே குவிந்து கிடந்தன.

“இத்தெல்லாம் குறுக்கால கீறிப் போடணும். யாரும் கால்ல போட முடியாத மாரி கீறணும், இன்னா?”

ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். குறை எதுவும் தெரியவில்லை. அவர் குதிகால் ஓரத்தில் நகம் பட்டது போலிருந்த ஒரு கோட்டைக் காட்டினார்.

“தொடச்சா போயிடும் போல கீதே மேடம்.”

“பையர் ஒத்துக்க மாட்டான். அவன் பேர் போட்ட சரக்கு குறையோட வெளிய போவக் கூடாது. விக்கவும் கூடாது, சும்மா குடுக்கவும் கூடாது. நீ கீறு.”

பையர் என்றால் எங்களுக்கு ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுக் கம்பெனி. அன்று சாயங்காலம் வரை கீறினேன். விரல் மடக்க முடியாமல் வீட்டுக்குப் போனேன்.

ஷூ எனக்குப் புரிந்தது இப்படி வெட்டித்தான். நல்ல தோல் கத்திக்குச் சுலபத்தில் வழிவிடாது. வெட்டிய இடம் அடர்த்தியாக, ஒரே நிறமாக இருக்கும். மட்டமான தோல் மேல் பூச்சோடு சட்டென்று பிளந்து உள்ளே நார் நாராகத் தெரியும். பசையில் மட்டும் ஒட்டிய சோல், கத்தி நுனியைச் செருகி நெம்பினால் உரிந்துவிடும். தைத்த சோல் லேசில் வராது. பின்னாளில் நான் சீனியர் இன்ஸ்பெக்டர் ஆனபோது, இதையெல்லாம் எங்கே படித்தீர்கள் என்று டிரெய்னிங் வந்தவர்கள் கேட்டார்கள். எங்கேயும் படிக்கவில்லை.

ஏழுமலை சேர்த்தது

ஏழுமலை லாஸ்டிங் செக்‌ஷனில் ஆபரேட்டர். பாதம் போன்ற அச்சின் மேல் தோலை இழுத்துப் பிடித்து ஷூவுக்கு உருவம் கொடுக்கிற இடம் அது. படப்பையில் மனைவி தேவியோடும் ஒரு பெண் குழந்தையோடும் வாடகைக்கு இருந்தான். என்னைவிட இளையவன், அக்கா என்றுதான் கூப்பிடுவான். வேலைக்கு ரப்பர் செருப்பில் வந்து, உள்ளே கம்பெனி கொடுத்த ஷூவை மாட்டிக்கொள்வான்.

புது மாடல் போடும்போது பையருக்குக் காட்ட சாம்பிள் செய்வோம். எங்கள் பையருக்கு வலது கால் மட்டும் போதும். பார்த்து முடித்ததும் அவை சாம்பிள் ரூமில் தூசி பிடித்துக் கிடந்து, சீசன் முடிந்ததும் ஸ்கிராப்புக்குப் போகும். ஜோடி இல்லாததால் அவற்றைக் கீறக்கூட மாட்டோம். ஒருமுறை ஏழுமலை அப்படி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். சாம்பிள் ரூம் மேனேஜர் பார்த்துவிட்டுச் சிரித்தார். நானும் அங்கே இருந்தேன்.

“ஒத்தக் கால் ஷூவ வச்சிக்கினு இன்னாய்யா பண்ணப் போற?”

“சும்மா வூட்ல வைக்கத்தான் சார்.”

“எடுத்துக்கினு போ. இனிமே ஸ்கிராப்புக்குப் போறதுல எது வோணும்னாலும் எடுத்துக்கோ. என்னாண்ட கேக்காத.”

அதிலிருந்து ஒவ்வொரு சீசனும் சிலவற்றை எடுத்துப் போனான். கேட்டில் செக்யூரிட்டி பையைத் திறந்து பார்ப்பார். ஒற்றை ஷூவைப் பார்த்துச் சிரித்துவிட்டு அனுப்புவார்.

அவன் மகளுக்குக் காது குத்தியபோது வீட்டுக்குப் போனேன். சமையல் பாத்திரம் வைக்க வேண்டிய சுவர் அலமாரி முழுக்க ஷூ. எல்லாம் வலது கால். உள்ளே காகிதம் திணித்து, பாலிஷ் போட்டு, மூக்கு ஒரே பக்கம் பார்க்க வரிசையாக நிறுத்தியிருந்தான்.

“பாத்திரம் வைக்க எடமில்ல, எலி வேற வருது. நீங்களாவது சொல்லுங்கக்கா,” என்றாள் தேவி.

அவன் ஒரு பழுப்பு ஷூவை எடுத்து என் கையில் வைத்தான். “இத்தோட மூக்கப் பாருங்கக்கா. ஒரு சுருக்கம் கீதா? இது நான் இழுத்தது. என் கையால பண்ணது எதுவும் என் வூட்ல இல்லன்னா எப்டிக்கா?”

ஒரு சுருக்கமும் இல்லை. ஷூவையே பார்த்துக்கொண்டு வேலை செய்த நான் கூட அதை அவன் வீட்டில்தான் நின்று நிதானமாகப் பார்த்தேன்.

என்கொயரி

சில வருடம் கழித்து ஒரு ஷிப்மெண்டில் சில பெட்டிகள் குறைந்தன என்று பையர் மெயில் போட்டான். புதிதாக வந்திருந்த ஹெச்.ஆர். மேனேஜர் ஆளாளுக்கு விசாரித்தார். ஏழுமலை வீட்டில் ஷூ இருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கம்பெனி ஜீப் படப்பைக்குப் போனது. அலமாரியில் இருந்த அத்தனையையும் கோணிப்பையில் கட்டிக்கொண்டு வந்தார்கள். தெருவே வேடிக்கை பார்த்ததாம்.

என்கொயரியில் நான் சாட்சி சொன்னேன். “சார், எல்லாமே வலது கால். ஒண்ணுக்காவது ஜோடி இருக்கான்னு பாருங்க. பெட்டியைத் திருடறவன் ஒத்தக் கால் எடுப்பானா? சாம்பிள் ரூம் சார் என் எதிர்லதான் எடுத்துக்கச் சொன்னாரு.”

ஹெச்.ஆர். சாம்பிள் ரூம் மேனேஜரைப் பார்த்தார். அவர் மேசையைப் பார்த்தபடி, “நான் அப்படிச் சொன்னதா எனக்கு ஞாபகம் இல்ல சார்,” என்றார்.

“கேட் பாஸ் இருக்கா ஏழுமலை?”

“சார் வாய்லதான் சொன்னாரு.”

“அப்ப கம்பெனி ப்ராப்பர்ட்டிதானே? நீங்களா எழுதிக் குடுத்துட்டுப் போனா போலீசுக்குப் போக மாட்டோம்.”

ஏழுமலை சாம்பிள் ரூம் மேனேஜரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் தலை நிமிரவில்லை. கடைசியில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தான். “நீங்க ஒருத்தராவது சொன்னீங்களேக்கா,” என்று மட்டும் சொன்னான். நான் சொன்னதால் ஒன்றும் ஆகவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

மறுநாள் கோணிப்பைகள் என் மேசைக்கு வந்தன. எல்லாவற்றையும் டிஸ்ட்ராய் செய்ய வேண்டும், சீனியர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்று ஹெச்.ஆரிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஸ்கிராப்புக்கு முழுதாகப் போக வேண்டியவைதானே என்று கேட்டேன்.

“பையர் ஆடிட் வரான்மா. கேள்வி கேக்காதீங்க,” என்றார்கள்.

என்னிடம் வேலை பார்த்த பெண்கள் கத்தியைத் தொடாமல் நின்றார்கள். நான் அவர்களை வற்புறுத்தவில்லை. நானே உட்கார்ந்தேன். பாலிஷ் வாசனை அப்படியே இருந்தது. உள்ளே திணித்த காகிதத்தை ஒவ்வொன்றாக உருவினேன். அவன் மகளின் வீட்டுப்பாடத் தாள்கள். பென்சிலில் எழுதிய கூட்டல் கணக்குகள். கத்தி எளிதாக இறங்கவில்லை. அழுத்தி, இரண்டு மூன்று முறை இழுக்க வேண்டியிருந்தது. என் சர்வீசில் அவ்வளவு நல்ல தோலை ஒரே நாளில் வெட்டியதில்லை.

சில வாரங்கள் கழித்து, குறைந்த பெட்டிகள் வேறு கண்டெய்னரில் ஏறி வேறு துறைமுகத்துக்குப் போயிருந்தது தெரியவந்தது. ஹெச்.ஆரிடம் போய், “ஏழுமலையைத் திரும்பக் கூப்பிடலாமே சார்,” என்றேன்.

“அவர் ரிசைன் பண்ணிட்டாரேம்மா. நாங்க அனுப்பலையே,” என்றார்.

படப்பை

நான் ரிடையர் ஆகிவிட்டேன். இப்போது வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல இரண்டு விஷயம் இருக்கிறது. ஷூ வாங்கினால் பளபளப்பைப் பார்க்காதீர்கள். மூக்குப் பக்கம் மடக்கிப் பாருங்கள், பூச்சு வெடிக்கக் கூடாது. சோல் ஓரத்தில் தையல் இருந்தால், அது உண்மையில் பிடித்திருக்கிறதா, அழகுக்குக் கோடு போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். இன்னொன்று, மேலே இருப்பவர் எவ்வளவு சிரித்துக்கொண்டு வாயால் அனுமதி கொடுத்தாலும் கையெழுத்து இல்லாமல் ஒரு நூலைக்கூட வெளியே எடுத்துப் போகாதீர்கள். இரண்டாவதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

போன மாதம் என் மருமகனுக்கு ஷூ வாங்க வேண்டியிருந்தது. ஏழுமலை இப்போது படப்பை மெயின் ரோட்டில், ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்தருகே தள்ளுவண்டியில் ஷூவும் செருப்பும் விற்கிறான். அவனிடம் போனேன். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

அடுக்கியிருந்ததில் ஒரு கறுப்பு ஷூவை எடுத்து மடக்கினேன். பூச்சு வெடித்தது. இன்னொன்றை எடுக்கப் போனேன். அவன் என் கையைப் பிடித்து நிறுத்தினான்.

“வோணாங்கா. எல்லாம் அதே சரக்குதான். ரெண்டு மழை தாங்காது.”

“தெரிஞ்சும் இத்தையே வெச்சு விக்கிறியே ஏழுமலை. நல்லதா நாலு வாங்கி வைக்கக் கூடாதா?”

“நல்லது போட்டா அந்த வெலைக்கு இந்த ரோட்ல யாரு வாங்குவா? கம்பெனில வேல செய்றவங்கதான் இங்க வராங்க.”

ஷிப்ட் முடிந்த கம்பெனி பஸ் ஒன்று வந்து நின்றது. இறங்கிய பையன்களில் ஒருவன் நான் வைத்த கறுப்பு ஷூவை எடுத்துப் பார்த்தான். “நல்லா இருக்குமாண்ணா?” என்று கேட்டான்.

ஏழுமலை என் முகத்தைப் பார்க்காமல், “போட்டுப் பாருப்பா,” என்றான்.