மலைப்பாதைக்குப் போட்ட ஜல்லி

ஜல்லி போட்டு முடித்த அடுத்த வாரமே பாதையில் ஆள் நடமாட்டம் நின்றுபோயிற்று.

இது அறுபதுகளின் கடைசியில் நடந்தது. பாப்பிரெட்டிப்பட்டிக்கு மேலே சித்தேரி மலைக்கு ஏறும் நடைபாதையைப் பராமரிக்க என்னை ஒற்றை ஆளாகப் போட்டிருந்தார்கள். பாதி மலையில் ஒரு தகரக் கொட்டகை. அதில் ஒரு மண்வெட்டி, ஒரு கடப்பாரை, ஒரு தண்ணீர்ப் பானை, நான். எட்டாவது வரை படித்தவன். நாலு பேரோடு கலகலப்பாகப் பேச வராது. அதனால்தான் அந்த இடம் எனக்குக் கிடைத்தது என்று கீழே பஸ் ரோட்டில் வேலை பார்க்கும் கேங்கு ஆட்கள் சிரிப்பார்கள்.

எனக்குப் பேச வராதே தவிர, பேச்சுக் கேட்கப் பிடிக்கும். சந்தை நாளில் மலை ஜனங்கள் சாமை மூட்டையும் புளிக்கூடையும் தலையில் வைத்துக்கொண்டு இறங்குவார்கள். கொட்டகை ஓரம் சுமையை இறக்கித் தண்ணீர் குடிப்பார்கள். அவர்கள் பேசுவதை உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த வாரத்துக்கு எனக்கு அது போதும்.

அந்த வருஷம் பாதைக்குப் பணம் ஒதுக்கினார்கள். மழையில் மண் சேறாகிறது, ஜல்லி போட்டால் நிற்கும் என்று முடிவானது. எல்லாருக்கும் சந்தோஷம். மலை ஜனங்களே வந்து வேலை செய்தார்கள். கழுதைமேல் ஜல்லி ஏற்றி, பரப்பி, திமிசுக்கட்டையால் இடித்தோம். பார்க்க டவுன் ரோடு மாதிரி இருந்தது.

அடுத்த சந்தை நாளில் பானையை நிரப்பி வைத்துக் காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. பேச்சுச் சத்தம் மட்டும் கீழே சரிவிலிருந்து கேட்டது. எட்டிப் பார்த்தேன். உண்ணிச்செடிகளுக்கு நடுவே தலைச்சுமைகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. எங்கள் பாதையை விட்டுவிட்டு அவர்களாக ஒரு தடம் போட்டிருந்தார்கள்.

ஒரு மழை பெய்ததும் அந்தத் தடம் வாய்க்காலாகிவிட்டது. குப்பாயி என்ற அம்மா அதில் வழுக்கி விழுந்துவிட்டார். இடது காலில் சுண்டுவிரல் இல்லாதவர். வாயால் எல்லாரையும் சிரிக்கவைப்பவர். நான் ஓடிப்போய்ச் சிதறிய புளியைப் பொறுக்கினேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏம்மா, மேல ரோடு போட்டிருக்குதே. அதுல வரக்கூடாதுங்களா?"

"உங்க ரோட்டுல நீங்களே நடந்துக்கங்க ரோட்டுக்காரரே. தலையில மூட்டை, அடியில ஊசி ஊசியா கல்லு. எங்க காலு என்ன லாடம் அடிச்ச காலா?"

பின்னால் நின்றவர் சொன்னார்: "மாடே அதுல கால் வெக்க மாட்டேங்குது. மாட்டுக்கு இருக்கற புத்தி நமக்கில்லாம ஜல்லி சுமந்தோமே!"

விழுந்து கிடந்த குப்பாயியும் சேர்ந்து சிரித்தார். நான் என் காலைப் பார்த்தேன். டயர் செருப்பு போட்டிருந்தேன். அவர்களில் ஒருவர் காலிலும் செருப்பு இல்லை.

ஓவர்சியர் பார்வையிட வந்தார். கோபக்காரர் இல்லை. கொட்டகையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.

"ஏன்பா, எவனும் நடக்காத பாதைக்கு ஆளு எதுக்கு? இத மூடிடலாம். நீ கீழ கேங்குக்கு வந்துடு. பஸ் ஓடற ரோடு. பேச்சுத் துணைக்கு ஆளு இருக்கும்."

கொட்டகையில் எத்தனையோ சாயங்காலம் நான் வேண்டிக்கொண்டது அதுதான். சரிங்க என்று சொல்லியிருந்தால் அன்றே மூட்டை கட்டியிருக்கலாம். ஆனால் சரிவில் அந்த வாய்க்கால் தெரிந்தது. பெருமழைக் காலம் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. அதில் இனி யார் விழுவார்களோ என்று இருந்தது.

"ஜல்லிய அள்ளிட்டு மண்ணு போட்டா நடப்பாங்க சார்."

"போட்ட ஜல்லிய அள்ளறதா? மேல என்னன்னு சொல்லுவேன்?"

"அவங்க வெறுங்காலுல நடக்கறவங்க சார்" என்றேன். அவர் எழுந்து பாதைக்கு வந்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு நாலு எட்டு வைத்தார். "ஐயோ அப்பா" என்று ஒற்றைக்காலில் நின்று என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"சரி. அள்ளின ஜல்லிய ஓடை குறுக்க வர்ற எடத்துல அடியில போடு. வீணாப் போவாது. ஆனா ஒண்ணு, பாதை இருந்தா நீயும் இங்கதான் இருக்கோணும். யோசிச்சுக்க."

யோசித்துவிட்டேன் என்றேன்.

மலை ஜனங்கள் மறுபடியும் வந்தார்கள். செம்மண் கிராவலோடு கரையான் புற்று மண்ணைக் கலந்தால் இறுகும் என்றார்கள். பாம்பு குடியிருக்காத புற்றாகப் பார்த்து, கற்பூரம் ஏற்றிக் கும்பிட்ட பிறகே கடப்பாரை போட்டார்கள். பாதையைச் சரிவுப் பக்கம் லேசாகச் சாய்த்து, தண்ணீர் ஓடிவிட அங்கங்கே குறுக்கே பள்ளம் வெட்டினோம். ஜல்லிக்கு ஆனதைவிடச் செலவு குறைவு. பராமரிப்பு மட்டும் ஓயாது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் பள்ளத்தில் அடைத்த மண்ணை எடுக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

பாதை மழைக்குத் தாங்கி நின்றது. புளி வெயிலுக்கு முன்பே சந்தைக்குப் போய்ச் சேர்ந்தது. மழை வந்தால் மலையேறாத பள்ளிக்கூட வாத்தியார் மழையிலும் ஏறினார். நோயாளியைக் கட்டிலோடு தூக்கி வருபவர்கள் தடுமாறாமல் இறங்கினார்கள்.

ஒன்று மட்டும் நான் எதிர்பாராதது. நடை சுலபமானதால் கொட்டகையில் யாரும் சுமை இறக்கவில்லை. விடியும் முன்பே கடந்துவிடுவார்கள். குப்பாயி ஒருமுறை போகிற போக்கில் குரல் கொடுத்தார்:

"ரோட்டுக்காரரே, உங்க பானைக்கு வேலையில்லாம போச்சே!"

"நல்லதுதானுங்க" என்றேன். அதற்குள் அவர் வளைவைத் தாண்டிவிட்டார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. பாதை சரியாக இருக்கிறதா என்று தெரிய, காலையில் போய்க் கால்தடம் பாருங்கள். தடம் ஓரத்தில் விழுந்திருந்தால் எங்கோ தப்பு இருக்கிறது. நடுவில் விழுந்திருந்தால் சரி. ஜல்லியில் தடம் விழாது, அதனால் அது எதையும் சொல்லாது.

நான் தினமும் பார்த்தேன். ஈர மண்ணில் ஆட்டுக் குளம்பு, வாத்தியார் செருப்பு, சின்னப் பிள்ளைகளின் கால். சந்தை நாளில் சுண்டுவிரல் இல்லாத ஓர் இடது கால், பாதைக்கு நட்டநடுவில், கீழ்நோக்கி. அதை மிதிக்காமல் ஓரமாக நடந்துபோய்ப் பள்ளத்து மண்ணை எடுக்க ஆரம்பிப்பேன்.