ஒரு கிணற்றின் உயர்வுப் பெறுமானம்

தொண்ணூறாம் ஆண்டின் கோடையில், யாழ்ப்பாணக் கரையோரக் குருநகரிலிருந்து போரால் இடம்பெயர்ந்த மீனவக் குடும்பங்கள் பண்டத்தரிப்பில் ஒரு பாடசாலையில் தங்கியிருந்தன. அவர்களுக்கிருந்த ஒரே நன்னீர் பக்கத்து வெங்காயத் தோட்டத்துக் கிணறு. நீர்ப் பங்கீட்டைக் கவனிக்கும் பொறுப்பு, கணிதத்தில் பட்டம் பெற்று வேலையின்றி இருந்த என்னிடம் வந்தது.

எங்கள் மண்ணின் கீழே சுண்ணக்கல். அதன் இடுக்குகளில் நன்னீர் கடல்நீரின்மேல் மிதக்கிறது. அளவு மீறி இறைத்தால் அடியிலுள்ள உவர்நீர் மேலேறும். ஏறினால் மாரிமழை வரைக்கும் இறங்காது.

தோட்டக்காரர் நீர் இறைக்கும் துலாவைப் பிடித்தபடி கேட்டார்.

"தம்பி, நீர் கம்பசிலை படிச்சனீர். இந்தக் கிணறு ஒரு நாளைக்கு எவ்வளவு தாங்குமெண்டு சொல்லும். சனம் தவிக்கேக்கை நான் இல்லையெண்டு சொல்லேலாது. உவராப் போனால் என்ரை வெங்காயமும் போச்சு, அதுகளுக்குக் குடிக்கவும் இல்லை."

"யோசிச்சுச் சொல்லுறன் ஐயா."

வகுப்பறையில் உயர்வுப் பெறுமானம், அதாவது ஒன்று எட்டக்கூடிய உச்ச அளவு, காண்பது சுலபம். வரைபடத்தில் வளையி ஏறும், ஒரு கணம் தயங்கும், பின் இறங்கும். அதன் சாய்வான படித்திறன் பூச்சியமாகும் இடத்தைக் குறித்துவிட்டால் போதும். ஆனால் அதற்குச் சமன்பாடு கையில் இருக்க வேண்டும். அது இல்லாதவன் ஏறிப் பார்த்துத்தான் அறியலாம். இறங்கத் தொடங்கிய பின்னரே தான் நின்றது உச்சி என்று அவனுக்குத் தெரியும். இந்தக் கிணற்றில் அப்படிப் பரிசோதிக்க முடியாது.

ஒரு நாளைக்குக் குடும்பத்துக்கு நாலு வாளி என்று தீர்மானித்தேன். ஒவ்வொரு காலையும் முதல் வாளி நீரை நாவில் வைத்துப் பார்ப்பேன். உதட்டு வியர்வையின் கரிப்பை உவர் என்று நினைத்து, உதட்டைத் துடைத்து மறுபடி சுவைத்துப் பார்த்த நாட்களும் உண்டு.

ஒருநாள் கைக்குழந்தையோடு ஒரு தாய் வரிசையை விட்டு முன்னே வந்தார்.

"தம்பி, பிள்ளைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. குளிக்க வாக்க இன்னுமொரு வாளி தாங்கோ."

"ஏலாதக்கா. உவர் ஏறினால் ஒருத்தருக்கும் இல்லாமல் போயிடும்."

"கடலுக்கை கிடந்த எங்களுக்கு உப்பைக் காட்டி வெருட்டுறியளோ?"

வரிசை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். வாளியைக் கொடுக்கவில்லை.

வேர்க்குரு கொப்புளங்களாகிக் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் அது தேறும்வரை எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. ஒரு வாளி கூட்டலாமா என்று யோசிப்பேன். ஒருவருக்குக் கூட்டினால் எல்லோருக்கும் கூட்ட வேண்டும் என்ற நினைப்பு உடனே வந்து தடுக்கும்.

மாரி பிறந்த அன்று கிணற்று நீர் இனிப்பாகவே இருந்தது.

"பாத்தீரே, தப்பிச்சிட்டம்!" என்று தோட்டக்காரர் என் முதுகில் தட்டினார்.

அந்தத் தாயும் அங்கே நின்றார். இடுப்பிலிருந்த குழந்தையின் நெற்றியில் கொப்புளங்கள் காய்ந்து தழும்பாகியிருந்தன.

"அப்ப தம்பி, இன்னும் ஒரு வாளி அள்ளியிருக்கலாமோ?"

கோபமாகக் கேட்கவில்லை, அறிந்துகொள்ளவே கேட்டார். எல்லையைத் தாண்டவில்லை என்பதை மட்டுமே அந்த இனிப்பு நிரூபித்தது. எவ்வளவு கீழே நின்றுவிட்டோம் என்பதை அது சொல்லவில்லை.

"தெரியாதக்கா," என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டு, பாடசாலைக் கூரையிலிருந்து கொட்டிய மழையின் கீழே குழந்தையைக் குளிப்பாட்டத் தொடங்கினார்.