நூற்றுப்பத்து டஜன் படி

பெண் பார்க்கப் போன இடத்தில், காபியைக் குடித்து முடிப்பதற்குள் என் கால்களைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது. அறுபதுகளின் நடுவில் நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். பெண்ணின் அப்பா குன்னத்தூர்ப் பக்கத்துத் தோட்டக்காரர். மனிதர் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. வேட்டிக்குக் கீழே தெரிந்த கெண்டைக்காலைத்தான், சந்தையில் மாடு பிடிக்க வந்தவர் மாதிரிப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, பொழுதுக்கும் உக்காந்தேதான் வேலைங்களா?"

"ஆமாங்க."

"எங்கூட்டுக்கு மாப்பிள்ளையா வாறவரு வெள்ளியங்கிரி ஏறோணுங்க. வாற சித்திரையில எங்கூட வாங்க. ஏழு மலையும் ஏறி எறங்குனீங்கன்னா மேக்கொண்டு பேசலாம்."

சுவர் மூலையில் பதினொரு மூங்கில் தடிகள் சாத்தியிருந்தன. வெள்ளியங்கிரி ஏறுகிறவர்கள் ஆளுக்கொரு தடியை ஊன்றிப் போய், இறங்கியதும் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து வைப்பது வழக்கம். பதினொரு தடி என்றால் பதினொரு வருஷம். பார்த்ததும் மறுத்துவிடத்தான் நினைத்தேன். ஆனால் கதவோரம் நின்ற பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். அந்த முகம் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. எதற்காகச் சிரிப்பு என்று யோசிக்கத் தோன்றவில்லை. "ஏறீர்றேனுங்க" என்று என் வாய் சொல்லிவிட்டது.

சித்திரைக்கு மூன்று மாதம் இருந்தது. கம்பெனியில் விஷயம் பரவியதும், எங்கள் கட்டிங் மாஸ்டர் தானாகவே எனக்குப் பயிற்சியாளர் ஆனார். அவருக்கு மலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. எந்த விஷயத்திலும் அந்தக் குறை அவரைத் தடுத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு மலை என்று திட்டம் போட்டார். முதலில் அலகுமலை, பிறகு கதித்தமலை, சிவன்மலை, கடைசியில் சென்னிமலை. எல்லாம் முருகன் மலைகள். எங்கள் பக்கத்தில் கொஞ்சம் மேடாகத் தெரிந்தால் போதும், அங்கே முருகன் குடியிருப்பார்.

பனியன் கம்பெனிக்காரர்களுக்கு டஜனை விட்டால் வேறு எண்ணிக்கை தெரியாது. ஒன்று, இரண்டு என்று பன்னிரண்டு வரை எண்ணிக் கட்டி வைத்துவிட்டு, மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குவோம். மாஸ்டர் படிகளையும் அப்படித்தான் எண்ணினார். "ஒரு டஜன்... ரெண்டு டஜன்..." என்று அவர் பின்னால் கத்திக்கொண்டு வர, நான் முதுகில் பனியன் பண்டல் ஒன்றைக் கட்டிக்கொண்டு முன்னால் ஏறுவேன். பாரத்துக்குப் பழக வேண்டுமாம். நடுவில் நின்று மூச்சு வாங்கினால், தையல் பிசகிய பனியனை ஒதுக்கும் அதே குரலில் "செகண்ட்ஸு!" என்பார். சாமி கும்பிட வந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு மானம் போகும்.

கணக்குத் தவறினால் முதலிலிருந்து எண்ண வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். மாஸ்டர் அதை மலைக்கும் கொண்டுவந்தார். சிவன்மலையில் யாரோ ஒரு அம்மாள் அவரிடம் மணி கேட்டதால் கணக்குப் போய், பாதி மலையிலிருந்து என்னையும் இறக்கிக்கொண்டு போய் மீண்டும் ஏற்றினார்.

ஒவ்வொரு மலைக்குப் பிறகும் அடிவாரத்தில் பூரி, கேசரி, மசால் தோசை. கதித்தமலை என்றால் ஊத்துக்குளி வெண்ணெயும் சேரும். இரண்டு மாதத்தில் என் கால் உறுதியானது உண்மை. இடுப்பில் வேட்டி நிற்க மாட்டேன் என்றதும் உண்மை.

சென்னிமலையில் ஆயிரத்து முந்நூற்று இருபது படி. உச்சியில் மாஸ்டர் முகமெல்லாம் வேர்வையும் ஆனந்தமுமாக நின்றார்.

"நூத்திப்பத்து டஜன்! ஒரு பீசு கூடல, ஒரு பீசு குறையல. இனி வெள்ளியங்கிரி எல்லாம் சுண்டைக்காய் கண்ணு!"

சித்திரை வந்தது. பெண்ணின் அப்பா, நான், விடாமல் ஒட்டிக்கொண்டு வந்த மாஸ்டர், மூவரும் விடியும் நேரத்தில் பூண்டி அடிவாரத்தில் தடி வாங்கினோம். பார்த்தால், சென்னிமலை மாதிரி வரிசைப் படி இல்லை. கல், வேர், பாறை, மறுபடியும் கல். மாஸ்டர் திகைத்துப் போனார். இந்தக் கல் ஒரு படியா, இரண்டு படியா? வேரைக் கணக்கில் சேர்ப்பதா? நாலு டஜனுக்குள்ளேயே குழம்பி, "நீங்க போங்க கண்ணு, நான் முதல்ல இருந்து எண்ணீட்டு வாறேன்" என்று அடிவாரத்துக்கு இறங்கினார். சாயங்காலம் நாங்கள் திரும்பி வந்தபோதும் அவர் அங்கேதான் இருந்தார்.

முதல் மலை உச்சியில் பிள்ளையார் கோவில். நான் போய்ச் சேர்ந்து மூச்சு ஆறி, தேங்காய் உடைத்துக் கும்பிட்டும் முடித்துவிட்டேன். அப்புறம்தான் பெண்ணின் அப்பா வந்தார், முகம் வெளுத்துப்போய். கோவிலுக்குப் பின்னால் நேராக ஒரு பாறை நிழலுக்குப் போனார். துண்டை விரித்தார். கட்டுச்சோற்றைப் பிரித்தார்.

"கிளம்பலாங்களா?" என்றேன்.

"எங்கீங்க தம்பி?"

"மேலதானுங்க. இன்னம் ஆறு மலை இருக்குதுங்களே."

அவர் புளிச்சோற்றை உருட்டிக்கொண்டே சொன்னார். "நான் பதினோரு வருசமா இங்கதானுங்க. வாறவங்க போறவங்க மேல இருக்கறதைச் சொல்லுவாங்க, கேட்டுக்குவேன். தடி எல்லாருக்கும் ஒரே தடிதானுங்களே."

எனக்குக் கோபம் வந்தது. மூன்று மாதம்! எத்தனை 'செகண்ட்ஸ்'! மேலே இரண்டாவது மலை பனிக்குள் நின்றது. என் கால்கள் ஏறத் துடித்தன, இது சத்தியம். அவர் என் தடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏறித்தான் ஆவேன்னா ஏறுங்க. எறங்கி வந்து ஊருக்குள்ள என்ன சொல்லுவீங்கன்னுதான் ரோசனையா இருக்குது." கொஞ்சம் நகர்ந்து துண்டில் இடம் விட்டார். "இல்லாட்டி உக்காருங்க மாப்பிள்ளை."

அந்தக் கடைசிச் சொல்லை அவர் அதுவரை சொன்னதில்லை. நான் உட்கார்ந்தேன். புளிச்சோறு நன்றாகவே இருந்தது. சாயங்காலம் வரை எனக்கு மற்ற ஆறு மலைகளையும் பாடம் சொல்லிக்கொடுத்தார். பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை, ஆண்டிச் சுனைத் தண்ணீரின் குளிர், ஏழாவது மலையில் மூன்று பாறைக்கு நடுவே சாமி.

ஆவணியில் கல்யாணம் ஆயிற்று. எங்கள் வீட்டுக் கதவோரம் இப்போது என் தடி ஒன்று. பெண்கள் அந்த மலை ஏறும் வழக்கம் அன்றைக்கு இல்லை. ஒரு மத்தியானம் சாப்பாடு போட்டுக்கொண்டே அவள் கேட்டாள், "ஏழாவது மலையில என்னங்க இருக்குது?"

பாடத்தை ஒப்பித்தேன். கைதட்டினால் தண்ணீர் சுரக்கும் சுனையில் ஆரம்பித்து, காற்று காதை அடைப்பது வரை விடவில்லை. அவள் ரசம் ஊற்றினாள்.

"எங்கப்பா சொல்றதுல ஒரு வார்த்தை மாறலைங்க."

நான் ரசத்தைப் பிசைய ஆரம்பித்தேன்.

"மலையிலிருந்து வந்து ஒருக்காவாச்சும் காலுக்கு எண்ணெய் தேக்கச் சொல்லியிருக்காருங்களா எங்கப்பா? எங்கம்மாளுக்கும் எனக்கும் எப்பவோ தெரியுமுங்க."

"அப்புறம் எதுக்கு எங்கிட்டக் கேட்டே?"

அவள் சிரிக்கவில்லை. "நீங்க மூணு மாசம் மலை மலையா ஏறிப் பழகறீங்கன்னு சொன்னாங்க. நீங்களாச்சும் மேல போயி, அங்க நெசமா என்ன இருக்குதுன்னு வந்து சொல்லுவீங்கன்னு இருந்தேனுங்க."