தள்ளுபடியார் வாங்கிய இஸ்திரிப்பெட்டி

அவருக்குத் தள்ளுபடியார் என்று பெயர் வைத்தது அவர் மனைவி வேலை பார்க்கும் கடையின் பெண்கள்தான். வயதில் பெரியவராயிற்றே என்று ஒரு 'ஆர்' சேர்த்துக்கொண்டார்கள். அதைத் தாண்டி அந்த மனிதருக்கு மரியாதை கொடுக்க ஒன்றும் இல்லை. தண்ணீர் வரி ஆபீசில் குமாஸ்தா. ஊரில் எந்த மூலையில் விலை குறைந்தாலும் அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும். சோப்பு ஐந்து ரூபாய் மலிவு என்று இரண்டு பஸ் மாறிப் போய் ஒரு டஜன் வாங்கி வருவார். பஸ் டிக்கெட்டைக் கணக்கில் சேர்க்கமாட்டார்.

கணக்கு என்றால் சும்மா கணக்கில்லை. நீல அட்டை போட்ட நீள நோட்டு. பொருள், போட்டிருந்த விலை, வாங்கிய விலை, மிச்சம் என்று நாலு பத்தி. ஆறு வருஷத்தில் மிச்சப் பத்தி மட்டும் இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தது. அந்த இரண்டு லட்சம் இப்போது எங்கே இருக்கிறது என்று மனைவி ஒருநாள் கேட்டாள். செலவாகாமல் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, மூளையுள்ளவன் பதில் சொல்லிவிட்ட திருப்தியில் பேனாவை மூடினார். செலவானது பின்பக்க அறையில் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தது. இரண்டே பேர் இருக்கும் வீட்டில் மூன்று மிக்சி, நாலு இஸ்திரிப்பெட்டி, ரொட்டியே சாப்பிடாத வீட்டில் ரொட்டி சுடும் மெஷின். எதுவும் பெட்டியை விட்டு வெளியே வந்ததில்லை.

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், அவள் வேலையே விலைச்சீட்டு ஒட்டுவதுதான். வீட்டுச் சாமான் கடையில் ஒன்பது வருஷமாக ஒட்டுகிறாள். தள்ளுபடி அறிவிப்பதற்கு இரண்டு வாரம் முன்பே பழைய சீட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, விலையை ஏற்றிப் புதுச்சீட்டு ஒட்டச் சொல்வார்கள். அப்புறம் அதன்மேல் ஒரு சிவப்புக் கோடு, பக்கத்தில் பழைய விலையையே கொஞ்சம் கூட்டிச் சிவப்பில். ஜனங்கள் வாயைப் பிளந்துகொண்டு வருவார்கள். இதையெல்லாம் அவள் வீட்டில் எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். உன் கடையில் அப்படியிருக்கலாம், நான் பார்த்து வாங்குகிறவன் என்பார்.

பார்த்து வாங்கிய லட்சணம் கல்யாணமான புதிதிலேயே தெரிந்துவிட்டது. வட்டியே கிடையாது என்று எவனோ சொன்னதைக் கேட்டு சோபா, கட்டில், பீரோ, வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் ஒரே நாளில் கடனுக்கு எடுத்தார். ஜாமீன் கையெழுத்துப் போட்டது அவளுடைய அண்ணன். நாலாவது மாதத் தவணை போகவில்லை. அந்த மாதம் எங்கோ மிக்சி பாதி விலைக்குக் கிடைத்தது. அபராதம், அபராதத்துக்கு மேல் அபராதம் என்று கடன் பெருத்தது. அண்ணன் வேலை பார்க்கும் இடத்துக்கே நோட்டீஸ் போனது. அன்றிலிருந்து அவள் தன் சம்பளத்தில் மாதா மாதம் கட்டிவந்தாள். அண்ணன் வீட்டு வாசலை மிதித்து மூன்று வருஷமாகிறது. எந்த முகத்தோடு போவது?

மாதக் கடைசியில் அண்ணனே போன் செய்தார்.

"பொண்ணுக்குக் காலேஜ்ல இடம் கிடைச்சிருக்கும்மா. படிப்புக்கு லோன் கேட்டேன். உங்க கடன் என் பேர்லயும் நிக்குதாம், அது முடியாம தரமாட்டாங்களாம். முப்பதாம் தேதிக்குள்ள முடிஞ்சிடுச்சுன்னு ஒரு லெட்டர் மட்டும் வாங்கிக் குடும்மா."

ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இருபத்து மூவாயிரத்து நானூறு பாக்கி. அவள் கையில் பதினாலாயிரத்து இருநூற்றைம்பது இருந்தது. அந்த வாரம் தள்ளுபடியாருக்குப் போனஸ் ஒன்பதாயிரத்துச் சொச்சம் வரவிருந்தது. முழுசாகத் தந்துவிடுகிறேன் என்றார். அவளும் நம்பினாள். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் நம்பினாளே, அந்தப் புத்தியை நினைத்து அவளே பிற்பாடு தலையில் அடித்துக்கொண்டாள்.

இருபத்தேழாம் தேதி சாயங்காலம் தோளில் ஒரு பெரிய பெட்டியோடு வந்தார். தரையைத் தானே துடைக்கும் மெஷின். பதினைந்தாயிரம் போட்டிருந்ததாம், எண்ணாயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு வாங்கிவிட்டாராம். போனஸ் என்ன ஆச்சு என்று கேட்டால், கையில் சல்லிக்காசு இல்லை, ஆனால் ஆறாயிரத்து நூறு மிச்சம் என்கிறார். அவள் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். மூலையில் சற்றுச் சாய்வாக ஒட்டிய சீட்டு. அவள் கை எப்போதும் அப்படித்தான் சாயும்.

"இதை ஒட்டினதே நான்தாங்க. போன மாசம் இது ஏழாயிரத்து இருநூறு."

தள்ளுபடியார் குனிந்து சீட்டைப் பார்த்தார். "அப்போ உள் விவரமெல்லாம் உனக்குத் தெரியுது. முன்னாடியே ஒரு வார்த்தை சொன்னா என்ன?" என்றார்.

அவளுக்கு அழுகை வரவில்லை. காலில் ஒட்டிய சேற்றைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வை புரிகிற ஆளாக இருந்தால் அவர் ஏன் இப்படி இருக்கப்போகிறார்?

இருபத்தொன்பதாம் தேதி லீவு போட்டாள். அவர் ஆபீஸ் போனதும், பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பழைய சாமான் கடை வைத்திருப்பவரை வரவழைத்தாள். அறையைப் பார்த்து அவர் அசந்துபோனார். மொத்தமாக என்றால் நாலாயிரம்தான் தருவேன் என்றார். அவள் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. கடை வாசலை ஒருநாள் விடுங்கள், விற்பதில் கால் பங்கு உங்களுக்கு என்று பேசி முடித்தாள். சிவப்புக் காகிதம் வாங்கி அவளே சீட்டு எழுதினாள். ஆனால் விலையை ஏற்றிக் கோடு போடவில்லை. ஒரே நாளில் பழைய சாமானாக என்ன விலை போகுமோ அதைத்தான் எழுதினாள். ஒவ்வொரு பெட்டியையும் பிரித்து மின்சாரம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு இஸ்திரிப்பெட்டி மட்டும் சூடேறவில்லை. மாடிப்படியில் விழுந்து மூலை நசுங்கிய பெட்டி அது. ஊரார் தலையில் அதைக் கட்ட அவளுக்கு மனசில்லை. தனியாக எடுத்துக் கடைக்குள்ளே வைத்தாள்.

சாயங்காலத்துக்குள் எல்லாம் போய்விட்டது. பங்கு போக அவளுக்கு எண்ணாயிரத்து ஐம்பது. இன்னும் ஆயிரத்து நூறு வேண்டும். யாரிடம் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது பஸ் வந்து நின்றது. தள்ளுபடியார் இறங்கினார். சிவப்புக் காகிதம் கண்ணில் பட்டதும் அவர் கால் தானாகத் திரும்பியது. அவள் சட்டென்று கடையில் கிடந்த ஒரு பழைய பீரோவுக்குப் பின்னால் போய் நின்றாள்.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்றார் கடைக்காரர். தள்ளுபடியாரின் கண் உள்ளே போய், அந்த நசுங்கிய பெட்டியில் நின்றது. அதில் பழைய சிவப்புச்சீட்டு இன்னும் இருந்தது. இரண்டாயிரத்து அறுநூறு அடித்து, ஆயிரத்து இருநூறு.

"சார், அது வேலை செய்யாது. வேண்டாம்," என்றார் கடைக்காரர்.

"நல்ல பொருளை வேற ஆளுக்கு ஒதுக்கி வச்சிருக்கீங்க. இந்த வித்தையெல்லாம் என்கிட்ட வேண்டாம்," என்றார் தள்ளுபடியார்.

கடைக்காரர் இன்னும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். சொல்லச் சொல்லத் தள்ளுபடியாருக்குச் சந்தேகம் ஏறியது. கடைசியில் மூலை நசுங்கியதைக் காட்டி ஐம்பது குறைத்து, சட்டை உள்பையிலிருந்து ஆயிரத்து நூற்றைம்பதை எண்ணிக் கொடுத்தார். சல்லிக்காசு இல்லாத சட்டை அது. பெட்டியை அணைத்துக்கொண்டு நடையைக் கட்டினார். கடைக்காரர் பணத்தை அப்படியே அவள் கையில் கொடுத்தார், இதில் எனக்குப் பங்கு வேண்டாம்மா என்று.

வீட்டுக்குப் போனபோது தள்ளுபடியார் காலி அறையின் நடுவில் பெட்டியை இடுக்கிக்கொண்டு நின்றார். திருட்டு நடந்துவிட்டதாம். போலீசுக்குக் கொடுக்க நோட்டைப் பார்த்துப் பட்டியல்கூட எழுதிவிட்டார், எல்லாம் போட்டிருந்த விலையில். ஒரு லட்சத்து இருபத்தாறாயிரம்.

"திருடு போகலைங்க. நான்தான் வித்தேன். கடைசிப் பொருளை வாங்கினது நீங்க."

அவர் இடுக்கியிருந்த பெட்டியைப் பார்த்தார். நசுங்கிய மூலையை விரலால் தடவினார். மொத்தம் எவ்வளவு வந்தது என்று கேட்டார். அவள் சொன்னாள். ஒரு லட்சத்து இருபத்தாறாயிரத்துக்குப் பக்கத்தில் அந்தத் தொகையை எழுதப் போனவர், எழுதாமல் நோட்டை மூடிவிட்டார். அவளுக்கு இரக்கம் வரவில்லை. வரும் என்று கொஞ்சம் பயந்திருந்தாள், வரவில்லை.

மறுநாள் காலை அவள் கிளம்பும்போது அவர் இஸ்திரிப்பெட்டியை மின்சாரத்தில் மாட்டி, உள்ளங்கையை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆபீசுக்கு நேரமாகிறது, சட்டை கசங்கிக் கிடக்கிறது. பழைய இஸ்திரிப்பெட்டி எங்கே என்று கேட்டார். அதையும் வித்தாச்சு என்றாள்.

பத்து மணிக்குப் பணத்தைக் கட்டினாள். பதினொன்றுக்கு லெட்டர் கையில் வந்தது. கசங்கிய புடவையோடேயே அண்ணன் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள். அண்ணி திறந்தாள், லெட்டரைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தாள்.

"மூணு வருஷமாச்சு உனக்கு, இல்ல?" என்று சொல்லி உள்ளே கூட்டிப் போனாள்.