கெட்ட பெட்டியில் கிடந்த பாட்டு

பாட்டு தொடங்குவதற்கு முன்னால், இசைத்தட்டின் மேல் ஊசி இறங்கியதும் ஒரு கரகரப்பு எழும். முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கும்போது வருகிற சத்தத்துக்குக் கொஞ்சம் கிட்டத்தில் இருக்கும் அது. அதைக் கேட்ட மாத்திரத்தில், வரப்போவது என்ன பாட்டு என்று தெரிவதற்கு முன்பே, கையில் இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு நாங்கள் மூன்று பேரும் நின்றுவிடுவோம். மூன்று பேர் என்றால் துணைமாலை அக்கா, அவளுக்கு இளையவனான பூமி அண்ணன், கடைசியாக நான். எங்கள் திருச்சுழி அம்மனின் பெயர் அக்காவுக்கு, சாமியின் பெயர் அண்ணனுக்கு. மிச்சமிருந்த ஏதோ ஒரு பெயர் எனக்கு. எங்கள் அய்யா புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் விற்கிற கடை வைத்திருந்தார். வீட்டில் ரேடியோ கிடையாது. வாங்க வக்கில்லாமல் இல்லை, பாட்டு நுழைந்த வீட்டில் பிழைப்பு ஓடாது என்பது அவருடைய முடிவு. அதனால் அறுபதுகளின் கடைசியில் எங்களுக்குச் சங்கீதம் என்பது யார் வீட்டு விசேஷத்துக்கோ மரத்தில் கட்டிய குழாயிலிருந்து, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதைப் பொறுத்து, பாதியும் முக்காலுமாக வந்து சேர்கிற ஒன்றாகத்தான் இருந்தது.

புத்தகமும் அப்படித்தான் வந்தது. கடையில் பொட்டலம் மடிக்க எடைக்கு வாங்கிப் போடும் பழைய வாரப் பத்திரிகைக் கட்டுகளைப் பிரித்து, அண்ணன் தொடர்கதைத் தாள்களை மட்டும் உருவி எடுத்து, கோணி ஊசியால் தைத்து, புளியங்கொட்டைப் பசையில் அட்டை ஒட்டி, அய்யாவின் கண்ணில் படாமல் விறகுக்குப் பின்னால் அடுக்கி வைத்திருப்பான். எந்தக் கதையும் முழுசாகக் கிடைத்ததில்லை. கதாநாயகி கிணற்றோரம் போய் நிற்கிற இடத்தில் தாள் நின்றுவிடும், அடுத்து கிடைக்கிற தாளில் அவள் சென்னையில் காப்பி குடித்துக்கொண்டிருப்பாள். நடுவில் என்ன நடந்திருக்கும் என்பதை அக்கா சொல்லுவாள். ஆட்டுரலில் மாவைத் தள்ளிக்கொண்டே, கையும் நிற்காமல் வாயும் நிற்காமல், அவள் சொல்லுகிற அந்த நடுக்கதைக்காகவே தாள் காணாமல் போயிருக்கக் கூடாதா என்று நான் ஏங்கியதுண்டு. எழுதினவர்கள் அவ்வளவு நன்றாக எழுதியிருக்க மாட்டார்கள் என்பது இன்றைக்கும் என் எண்ணம்.

செலவில்லாமல் ஊர் சுற்றுவதில் அண்ணனை மிஞ்ச ஆள் கிடையாது. அருப்புக்கோட்டையிலிருந்து மதுரைக்குப் பஞ்சு லோடு ஏற்றிப் போகிற லாரிக்காரர்கள் கடைக்கு வந்து போகிற பழக்கத்தில் அவனுக்குச் சிநேகிதம். பஞ்சுப் பொதிகளுக்கு மேலே தார்ப்பாயில் மல்லாந்து படுத்துக்கொண்டு, என்னையும் பக்கத்தில் படுக்கப்போட்டு, கயிற்றை என் இடுப்பைச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டுவிடுவான். மதுரையில் எங்கே போவதென்றாலும் நடைதான். தூக்குவாளியில் அக்கா கொடுத்துவிட்ட புளிச்சோறு மத்தியானத்துக்கு. பழைய புத்தகக் கடைகளில் வாங்குவதுபோல் பாவனை செய்து நின்றபடியே படித்துவிட்டு, கடைக்காரர் முறைக்கத் தொடங்கியதும் அடுத்த கடைக்கு நகருவோம். திரும்பி வந்ததும் அத்தனையையும் அக்காவிடம் ஒப்பிக்க வேண்டும். பெரியவளான பெண்ணுக்கு லாரியும் கிடையாது மதுரையும் கிடையாது என்பதால், எங்கள் பயணமெல்லாம் பாதி அவளுக்காகப் போனதுதான்.

அவளும் எங்களோடு வந்தது ஒரே ஒரு முறை. அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அருப்புக்கோட்டையில் ரவிக்கைத் துணி எடுக்கவேண்டும் என்று அம்மாவிடம் அனுமதி வாங்கி, மூன்று பேரும் கரி இன்ஜின் ரயிலில் ஏறினோம். துணியை அவசரமாக எடுத்துவிட்டு மத்தியானக் காட்சிக்குப் போனோம். ஓடாத படம். கொட்டகையில் ஆளைவிட நாற்காலி அதிகம். அது எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸுக்கு வரவே இல்லை, வந்திருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்காது. அந்தப் படத்தில் ஒரு பாட்டு. கல்யாணமான பெண்ணை ஓடக்காரன் ஒருவன் புகுந்த வீட்டுக்கு ஆற்றைக் கடத்திக் கூட்டிப்போகிறான். போகிற வழியில், இந்தக் கரை இனி உனக்கு இல்லை, திரும்பிப் பார்க்காதே என்று பாடுகிறான். அவள் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். அவ்வளவுதான். எங்கள் குண்டாற்றில் மணலைத்தான் பார்த்திருக்கிறோம். திரையில் அவ்வளவு தண்ணீரைப் பார்த்தபடி அக்கா சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். ரயிலில் திரும்பும்போது கண்ணில் கரித்தூள் விழுந்துவிட்டது என்றாள்.

இங்கே வீரசோழன் பாயைப் பற்றிச் சொல்லவேண்டும். சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் குழாய் கட்டிப் பாட்டுப் போடுகிற ரேடியோ செட்டுக்காரர் அவர். வீரசோழன் ஊர்க்காரர், நல்ல மனுஷர். பள்ளிக்கூடம் முடித்துவிட்டுக் கடையில் உட்காரப் பிடிக்காமல் திரிந்த அண்ணனை, அய்யாவுக்குத் தெரிந்தும் தெரியாமலும், ஒத்தாசைக்குச் சேர்த்துக்கொண்டிருந்தார். பாயிடம் பிளேட்டுகள், அதாவது இசைத்தட்டுகள், வைத்த தகரப் பெட்டி இரண்டு. ஒன்று நல்லதுக்கு. மற்றது கெட்டதுக்கு, அதன் பிடியில் கறுப்புக் கயிறு சுற்றியிருக்கும். ஒரு ஊரில் கல்யாணத்தை முடித்துவிட்டு அப்படியே அடுத்த ஊர் இழவு வீட்டுக்கு வண்டியைத் திருப்பவேண்டி வரும் என்பதால் இரண்டுமே வண்டியில் இருக்கும். கெட்ட பெட்டிப் பாட்டுகளை வேறெங்கும் போடமாட்டார்கள். காட்டில் களையெடுக்கிற பெண்கள், குழாய்ச் சத்தம் காதில் விழுந்ததும் முதல் பாட்டை வைத்தே அங்கே பந்தலா பாடையா என்று சொல்லிவிடுவார்கள். பாடை என்று தெரிந்தால் களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு, யாரு, யாரு என்று ஒருத்தியை ஒருத்தி கேட்பார்கள்.

ஓடக்காரன் பாட்டு பாயின் கெட்ட பெட்டியில்தான் இருந்தது. அவர் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை, யார்தான் பார்த்தார்கள்? கரை, திரும்பிப் பார்க்காதே என்கிற வார்த்தைகளையும் மெட்டையும் கேட்டுவிட்டு, இது இதற்குத்தான் என்று அந்தப் பெட்டியில் போட்டுவிட்டார். கொஞ்ச நாளில் சுற்றுப்பட்டு முழுக்க அது சாவுப் பாட்டு ஆகிவிட்டது.

அக்காவின் கல்யாணத்துக்கு முந்தின நாள், முறுக்குச் சுட்ட அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவள் அண்ணனிடம் கேட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"ஏலே பூமி, நாளைக்கு அந்த ஓடக்காரன் பாட்டப் போடுவியா?"

"அது கெட்ட பெட்டியில கெடக்குக்கா."

"எங்க கெடந்தா என்ன. அது என் பாட்டுடா. நம்ம மூணு பேருக்கும் தெரியுமில்ல, அது போதும்."

மறுநாள் தாலி ஏறி, முதல் பந்தி உட்கார்ந்து, பாயும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் அண்ணன் அந்தத் தட்டைப் போட்டான். கரகரப்பு கேட்டதும் மணவறையில் அக்கா தலை நிமிர்ந்தாள். அவள் முகத்தில் அன்றைக்கு வந்த சிரிப்பை நான் பிறகு பார்க்கவில்லை. பாட்டு பாதி போவதற்குள் பாய் எச்சில் கையோடு ஓடிவந்து ஊசியைத் தூக்கிவிட்டார். அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போயிருந்தால்கூட இனிப் பயனில்லை, குழாய் தன் வேலையைச் செய்துவிட்டிருந்தது. எங்கள் வீட்டில் அய்யாவின் சித்தப்பா ஒருவர் மாதக்கணக்காகப் படுக்கையில் கிடந்தார். கல்யாணத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த கிழவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று முடிவு கட்டி, எங்கள் காட்டில் வேலை செய்கிற பெண்கள் பக்கத்துக் கிராமத்திலிருந்து தலைமுடியை அவிழ்த்துவிட்டு, மாரில் அடித்துக்கொண்டு, ஒப்பாரியோடு பந்தலுக்குள் நுழைந்தார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் மாலையோடு உட்கார்ந்திருக்க, முன்னால் வந்தவள் தரையில் விழுந்து புரண்டாள். விஷயம் புரிந்து அந்தப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற நிற்பு பாவமாக இருந்தது. சிரித்திருக்கவேண்டிய கூத்து. யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டுக் கிழவி ஒருத்தி பந்தலை விட்டு எழுந்து தெருவில் போய் நின்றுகொண்டாள்.

"படத்துல அது பொண்ணு புகுந்த வீட்டுக்குப் போற பாட்டுய்யா," என்றான் அண்ணன். வாழ்நாளில் கொட்டகைப் பக்கம் போகாத அய்யாவிடம்.

"நாந்தான்யா போடச் சொன்னேன்," என்று அக்கா மணவறையிலிருந்தே சொன்னாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள். தாலி ஏறிய பெண் இழவுப் பாட்டைக் கேட்டு வாங்குவாளா? தம்பியைக் காப்பாற்றுவதற்காகச் சொல்கிறாள் என்று அம்மா அவளை அதட்டி உட்காரவைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒருவழியாகச் சமாதானமாகி, பெண்ணை அழைத்துக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் போனார்கள். அத்தான் அங்கே நூல் கடை வைத்திருந்தார், அமைதியானவர். அண்ணனை அடிக்கக் கை ஓங்கிய அய்யா, பந்தலில் வேண்டாம் என்று விட்டார்.

இரண்டு பொங்கல் கழிவதற்குள் அத்தான் மஞ்சள்காமாலையில் போய்விட்டார். இழவு வீட்டில் குழாய் கட்டியிருந்தது. வேறு செட்டுக்காரர். அவரும் அந்தப் பாட்டைத்தான் போட்டார். அதைக் கேட்டதும் கூட்டத்தில் எல்லோரும் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள். பாட்டு பலித்துவிட்டது என்று யாரோ ஒருத்தி சொல்ல, அது காட்டுத்தீயாகப் பரவியது. காரியம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அய்யா, "இனிமே அவன் என் மூஞ்சில முழிக்கக் கூடாது," என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அண்ணன் விறகுக்குப் பின்னால் போய் அந்தத் தைத்த புத்தகங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். ஒன்றையும் எடுத்துக்கொள்ளவில்லை. "வாரேன்டா," என்று என் தலையில் கை வைத்துவிட்டுப் பஞ்சு லாரி நிற்கிற ரோட்டுப் பக்கம் போனான். கூடப் போகவேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. மதுரைக்குத்தான் போகிறான், வந்துவிடுவான் என்று நினைத்தேன்.

அக்கா எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தாள். துக்கம் விசாரிக்க வருகிறவர்களிடமெல்லாம், பாட்டைப் போடச் சொன்னது தான்தான், தம்பியல்ல என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வந்தவர்கள் அவள் கையைத் தடவிக்கொடுப்பார்கள். "தம்பி மேல பழி வரக்கூடாதுன்னு சொல்லுது. என்ன மனசு பாரு," என்று தங்களுக்குள் பேசிக்கொண்டு போவார்கள். உள்ளதைச் சொல்லச் சொல்ல அவளுக்கு நல்லவள் என்ற பெயர் கூடியதே தவிர, அண்ணனுக்குப் பழி குறையவில்லை. ஒரு கட்டத்தில் சொல்வதை நிறுத்திவிட்டாள். நடுக்கதை சொல்வதையும் நிறுத்திவிட்டாள். தெருவில் எந்த வீட்டிலாவது குழாய் கட்டினால், எந்தப் பாட்டாக இருந்தாலும், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

மண்டபம் பக்கம் ஒரு ரேடியோ செட்டுக்காரரிடம் அண்ணன் வேலை பார்ப்பதாக, சில வருடம் கழித்து லாரிக்காரர் ஒருவர் சொன்னார். அத்தானுக்குத் திதி கொடுக்கவேண்டும் என்று அய்யாவிடம் சொல்லிவிட்டு அக்காவும் நானும் ராமேஸ்வரத்துக்குக் கிளம்பினோம். நரிக்குடி தாண்டி மானாமதுரையில் ரயில் மாறி, அண்ணன் கற்றுக்கொடுத்தபடியே தூக்குவாளிச் சோறு, எங்கும் நடை. மண்டபத்தில் இறங்கி, குழாய் கேட்ட ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அக்கா போய் நின்றாள். வருடக்கணக்காகக் காதைப் பொத்திக்கொண்டவள், அன்றைக்குப் பாட்டைத் தேடித் தேடிப் போனாள். கல்யாண வீடு, காதுகுத்து வீடு, ஓர் இழவு வீடு. செட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது எல்லா இடத்திலும் வேறு யாரோதான். சாயங்காலம் கடற்கரையில் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தண்ணி கெடக்கு. ஓடக்காரனத்தான் காணோம்," என்றாள். அதற்குப் பிறகு நாங்கள் எங்கும் தேடிப் போகவில்லை.

அய்யா தன் முடிவை மாற்றிக்கொள்ளாமலே போய்ச் சேர்ந்தார். அவர் சாவுக்கும் அண்ணன் வரவில்லை, அவனுக்கு யார் போய்ச் சொல்வது? டூரிங் டாக்கீஸ் இருந்த இடத்தில் இப்போது பெட்ரோல் பங்க் இருக்கிறது. கரி இன்ஜின் போன தண்டவாளத்தையே பெயர்த்து அகலமாகப் போட்டுவிட்டார்கள். பாயும் இல்லை, பெட்டிகளும் இல்லை. விறகு அடுக்கிய இடத்தில் தைத்த புத்தகங்கள் கறையானுக்கு இரையாகி வெகுகாலம் ஆயிற்று.

சென்ற ஆனியில் அக்காவும் போனாள். ஸ்பீக்கர் வைக்க வந்த பையன் என்னிடம் வந்து, "பெரியப்பா, எதும் பாட்டுப் போடணுமா, நானே பாத்துப் போட்டுக்கிறவா?" என்று கேட்டான். நான் சொன்னேன். எந்தப் பெட்டியிலும் தேடாமல், கைபேசியில் அந்த நிமிஷமே எடுத்துவிட்டான். யாரோ பழைய தட்டிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறார்கள் போல, முதலில் அந்தக் கரகரப்பு வந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் அக்கா தலை நிமிரவில்லை.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தூரத்துச் சொந்தக்காரப் பெண்மணி மூக்கைச் சிந்திவிட்டு, "சாவுக்குன்னே எழுதுன பாட்டு. வேற எங்க போட முடியும்," என்றார்.

"இது கல்யாணப் பாட்டும்மா," என்றேன்.

அவர் என் கையைத் தடவிக்கொடுத்துக்கொண்டே அந்தப் பக்கம் திரும்பி, "அக்கா போன துக்கம், பாவம், என்னமோ சொல்றாக," என்றார்.