கண்ணாடிக்கு நல்ல தண்ணி ஆகாது

செம்பாக்கத்தில் அருள்மேரிக்கு 'மீட்டர் மேரி' என்றுதான் பெயர். தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் பேனா அளவு மீட்டர் ஒன்று எப்போதும் கைப்பையில் இருக்கும். கல்யாணப் பந்தியில் டம்ளருக்குள் அதை விட்டுப் பார்த்துச் சம்பந்தி வீட்டாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள்.

கட்டடங்களின் கண்ணாடி கழுவுவது அவள் தொழில். நீளக் கம்பின் நுனியில் பிரஷ். கம்பு வழியாகவே தண்ணீர் ஏறும். அலசி விட்டால் போதும், துணி போட வேண்டாம், தானாகக் காயும். ஆனால் தண்ணீரில் உப்பிருந்தால் காய்ந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. மீட்டர் பூஜ்யம் காட்ட வேண்டும். அதற்காக வண்டியில் ஆர்.ஓ. ஒன்று, அது விட்டுவைக்கும் மிச்ச உப்பைப் பிடிக்க ரெசின் குடுவை ஒன்று.

பொத்தேரியில் டாக்டர் ரோஹிணியின் பல் மருத்துவமனையில் போன மாதம் புள்ளி விழுந்துவிட்டது. மாதாமாதம் வரும் வேலை அது. "இன்னொரு சான்ஸ் தரேன் மேரி. மறுபடி ஸ்பாட் வந்தா வேற ஆள் பாத்துக்கறேன்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்தச் சான்ஸ் இன்று. காலை ஏழு மணிக்குப் போர் தண்ணீரைத் திறந்தாள். மீட்டர் ஆயிரத்து நானூறு காட்டியது. ஆர்.ஓ. தாண்டி வந்த பிறகும் அறுநூறு. ஆர்.ஓ.வுக்கு முன்னால் மண்ணைத் தடுக்கும் ஃபில்டரை ஈஸ்டருக்கே மாற்றியிருக்க வேண்டும். நாளை, நாளை என்று தள்ளியதில் சேறு உள்ளே போய், உப்பைப் பிரிக்கும் மெம்பரேனைத் தின்றுவிட்டது. ரெசின் புதுசுதான். ஆனால் இவ்வளவு உப்பென்றால் நாலு குடம்கூடத் தாங்காது.

"இன்னாக்கா, மூஞ்சி இப்டி கீது?" என்றார் வாட்ச்மேன் தேவானந்தம்.

"போர் தண்ணி ஆவாதுண்ணா."

"லாரி தண்ணி கீதே. நல்ல தண்ணி. டீயே போடலாம்."

மீட்டரை விட்டாள். முந்நூற்றுப் பத்து. "டீ போடலாம். கண்ணாடி கழுவ முடியாது, பாதியிலயே ரெசின் தீந்துடும்."

"குடிக்கிற தண்ணியே ஆவாதா? அப்போ பன்னீர்தான் தெளிக்கணும்!" சிரித்துக்கொண்டே அவர் மூலையிலிருந்த நீல ட்ரம்மில் மக்கை விட்டு மொண்டார், குரோட்டன்ஸுக்கு ஊற்ற. ட்ரம்முக்கு மேலே எட்டு ஏசிகளின் குழாய்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"அண்ணா, மக்கைக் கீழே வை!"

"ஏன், பாம்பா?"

"ஏசி தண்ணி! இன்வெர்ட்டர் பேட்டரிக்கு இதத்தானே ஊத்தறோம்!"

மீட்டர் பதினாறு என்றது. துணியில் வடிகட்டி ரெசினுக்குள் விட்டாள். பூஜ்யம். ஒரு ட்ரம்தான் இருந்தது. சிக்கனமாக, மேல் மாடியிலிருந்து கீழே வரை ஒரே இழுப்பாக அலசி முடித்தாள். வெயிலில் அது காய்வதற்குள் கடைக்கு ஃபோன் போட்டு மண் ஃபில்டரும் மெம்பரேனும் சொல்லிவிட்டு, அடுத்து மாற்ற வேண்டிய தேதியை வண்டிக் கதவிலேயே மார்க்கரால் எழுதினாள்.

ஒன்பதரைக்கு டாக்டர் வந்தார். கண்ணாடியைச் சாய்ந்து பார்த்தார், குனிந்து பார்த்தார்.

"மேரி, கண்ணாடி இருக்கா இல்லையான்னே தெரியல. அடுத்த மாசமும் நீங்களே வந்துடுங்க."

அவர் உள்ளே போனதும் தேவானந்தம் காலி ட்ரம்மைத் தட்டினார். "டாக்டருக்கு ஆச்சு. என் செடிக்கு?"

"லாரி தண்ணி ஊத்துண்ணா" என்றாள் மேரி, குழாயைச் சுருட்டிக்கொண்டே. "நல்ல தண்ணி. டீயே போடலாம்."